கிராமத்துப் பழைய பெட்ரோல் பங்க்: ஆயுளைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் வயதா, விற்பனை அளவா?

நல்லேப்பிள்ளி (பாலக்காடு): சிறிய கூரை, இரண்டே விநியோக இயந்திரங்கள், தோளில் பணப்பை மாட்டிய ஓர் ஊழியர், காலைதோறும் நிலத்தடித் தொட்டியின் இருப்பை அறிய இறக்கப்படும் அளவுக் கம்பி. நெடுஞ்சாலைகளில் பெரிய எரிபொருள் நிலையங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் கிராமப்புறங்களில் இந்தப் பழைய பாணி பெட்ரோல் பங்க்குகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இவை எவ்வாறு இயங்குகின்றன, இவற்றின் அளவை நம்பலாமா, கேரள-தமிழக எல்லையோரத்தில் இவை சந்திக்கும் நெருக்கடி என்ன என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்கள் தமிழக எல்லைக்கு அருகே அமைந்தவை. நெல்லும் தென்னையும் விளையும் இப்பகுதியில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் குமுளி, போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய எல்லைப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வயலுக்கும் தோட்டத்துக்கும் தேவையான இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர், ஜீப் ஆகிய அனைத்தும் அருகில் எரிபொருள் கிடைப்பதை நம்பியே இயங்குகின்றன.

பழைய பாணி என்பது எது?

இந்தியாவில் எரிபொருள் சில்லறை விற்பனை நீண்ட காலம் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. 1974 முதல் 1977 வரையிலான காலத்தில் இவை மூன்றும் அரசுடைமையாக்கப்பட்டன. எஸ்ஸோவும் கால்டெக்ஸும் இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கும், பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியத்துக்கும் அடித்தளமாயின. 1959-ல் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனம் ஏற்கெனவே பொதுத்துறையில் இயங்கி வந்தது. பெயர்ப்பலகைகள் மாறினாலும், ஊர் நடுவே சாலையோரத்தில் அமைந்திருந்த பல நிலையங்களின் இடமும் அமைப்பும் மாறவில்லை.

நாட்டின் மொத்த எரிபொருள் நிலையங்களின் எண்ணிக்கை 2025 இறுதியில் ஒரு லட்சத்தைக் கடந்தது. இவற்றில் பெரும்பாலானவை இன்று மின்னணு இயந்திரங்களுடனும் கணினி இணைப்புடனும் செயல்படுகின்றன. எனவே பழைய பாணி நிலையம் என்று குறிப்பிடும்போது, இயந்திரத்தின் வயது மட்டுமே பொருளாகாது. குறைந்த இடம், குறைந்த விற்பனை, கையால் எழுதும் கணக்கு, ஊழியரே நிரப்பித் தரும் சேவை ஆகியவை சேர்ந்ததே அந்தப் பாணி.

ஊழியர் நிரப்பித் தருவது இந்தியாவுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாடிக்கையாளர் தாமே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஓரிகன் மாநிலம் 2023-ல்தான் அத்தகைய தடையை முழுமையாக விலக்கியது. ஜப்பானில் 1998 வரை சுயசேவைக்கு அனுமதி இல்லை.

இயந்திரத்துக்குள் நடப்பது என்ன?

நிலத்தடித் தொட்டியில் உள்ள எரிபொருளை இயந்திரத்தின் பம்பு உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. அதில் கலந்திருக்கும் காற்று முதலில் தனி அறையில் பிரிக்கப்படுகிறது. பின்னர் எரிபொருள் பிஸ்டன்கள் கொண்ட அளவு மீட்டருக்குள் நுழைகிறது. மீட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நிர்ணயிக்கப்பட்ட அளவு எரிபொருள் மட்டுமே வெளியேறும். அதாவது, இயந்திரம் எண்ணுவது சுற்றுகளைத்தான்.

பழைய இயந்திரங்களில் இந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக எண் சக்கரங்களுக்குச் சென்றது. ஒரு வரிசைச் சக்கரங்கள் லிட்டரையும், மற்றொரு வரிசை ரூபாயையும் காட்டின. லிட்டர் விலையைப் பெருக்கித் தொகையைச் சொல்வதும் பற்சக்கரங்களின் வேலையே. மின்சாரம் தடைபடும்போது கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எரிபொருள் வழங்கும் வசதியும் பல இயந்திரங்களில் இருந்தது. மின்வெட்டு மிகுந்திருந்த கிராமங்களில் இந்தக் கைப்பிடிக்கு இருந்த மதிப்பு பெரிது.

இன்றைய மின்னணு இயந்திரங்களிலும் சுற்றுகளை எண்ணும் அதே வகை மீட்டரே பரவலாகப் பயன்படுகிறது. சுழற்சியை மின் துடிப்புகளாக மாற்றி, திரையில் எண்களாகக் காட்டுவதே வேறுபாடு. அளக்கும் பகுதி ஏறத்தாழ அப்படியே இருக்க, கணக்கிடும் பகுதி மாறிவிட்டது எனலாம்.

விலை உயர்வு ஏற்படுத்திய சிக்கல்

பழைய இயந்திரங்களுக்கு முதல் சோதனையாக வந்தது அளவுக் கோளாறு அன்று, விலையே ஆகும். 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. அதன் பின்னர் மாதத்தின் 1 மற்றும் 16-ஆம் தேதிகளில் விலை மாற்றியமைக்கப்பட்டு வந்தது. 2017 மே 1 அன்று புதுச்சேரி, விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டீகர் ஆகிய 5 நகரங்களில் தினசரி விலை மாற்றம் சோதனை முறையில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

கணினி இணைப்பு உள்ள நிலையங்களில் புதிய விலை தானாகவே பதிவாகிவிடும். அந்த இணைப்பு இல்லாத நிலையங்களில் ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒருவர் கையால் விலையை மாற்ற வேண்டும். நள்ளிரவில் இதைச் செய்வது இயலாது என விற்பனையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, விலை மாறும் நேரம் காலை 6 மணி என நிர்ணயிக்கப்பட்டது.

அடுத்த சோதனை 2021-ல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் பிரீமியம் பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. லிட்டர் விலையை இரண்டு இலக்க ரூபாயில் மட்டுமே காட்டக்கூடிய பழைய இயந்திரங்களால் அந்த விலையைக் காட்ட முடியவில்லை. எனவே சில நிலையங்களில் அதன் விற்பனையையே நிறுத்த நேர்ந்தது. அந்த ஆண்டு ஜூனில் கேரளத்திலும், ஜூலைத் தொடக்கத்தில் சென்னையிலும் சாதாரண பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. இயந்திரத்தை மாற்றுவது அல்லது அதன் காட்சிப் பகுதியைத் திருத்துவது என்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இதே போன்ற நிலை 1979-ல் அமெரிக்காவிலும் ஏற்பட்டது. கேலன் விலை ஒரு டாலரைத் தொட்டபோது, 99.9 சென்ட் வரை மட்டுமே காட்டக்கூடிய இயந்திரங்கள் திணறின. பல நிலையங்கள் அரை கேலனுக்கான விலையை வைத்து விற்று நிலைமையைச் சமாளித்தன. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஓர் இலக்கம் ஓய்வுக்கு அனுப்பியது.

பழைய இயந்திரம் என்றால் அளவு குறையுமா?

இந்த ஐயம் பரவலாக உள்ளது. ஆனால் சட்டம் இயந்திரத்தின் வயதைக் கேட்பதில்லை. அது சரியாக அளக்கிறதா என்பதையே கேட்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மற்றும் 2011-ஆம் ஆண்டின் பொது விதிகளின்படி, எரிபொருள் வழங்கும் இயந்திரங்கள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். 5 லிட்டர் அளவுக் கலத்தில் நிரப்பிப் பார்க்கும்போது, 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடு மட்டுமே ஏற்கப்படும். அதாவது 0.5 சதவீதம்.

மீட்டரின் திருத்தும் பகுதி கம்பியும் ஈயமும் கொண்டு முத்திரையிடப்படுகிறது. அதைத் திருத்த வேண்டுமானால் முத்திரையை உடைத்தாக வேண்டும். பற்சக்கர இயந்திரத்தில் மோசடி செய்ய முயன்றால் இந்தத் தடயம் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. அதே வேளையில், தேய்மானத்தால் அளவு மாறுவதும் பழைய இயந்திரங்களின் இயல்பு. தேய்மானம் எப்போதும் வாடிக்கையாளருக்கே பாதகமாக அமையும் என்பதில்லை. தேய்ந்த மீட்டரில் எண்ணப்படாமல் கசிந்து செல்லும் எரிபொருள் விற்பனையாளருக்கே இழப்பாகிறது.

மறுபுறம், மின்னணு இயந்திரம் என்பதாலேயே நம்பகமானது என்றும் கருத முடியாது. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னோவில் சிறப்பு அதிரடிப் படையினர் நடத்திய சோதனையில், இயந்திரங்களுக்குள் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தி, தொலைவிலிருந்து இயக்கி அளவைக் குறைத்த மோசடி அம்பலமானது. திரையில் தெரிந்த எண்ணில் எந்தப் பிழையும் தென்படவில்லை. வெளியேறிய எரிபொருள்தான் குறைவாக இருந்தது. பழையதோ புதியதோ, 5 லிட்டர் அளவுக் கலமே கடைசிச் சாட்சி என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

உண்மையான பலவீனம் நிலத்துக்கடியில்

கண்ணுக்குத் தெரியும் இயந்திரத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத தொட்டியே பழைய நிலையங்களில் அதிகக் கவனம் கோருகிறது. தானியங்கி அளவுமானி இல்லாத இடங்களில், அளவுக் கம்பியைத் தொட்டிக்குள் இறக்கி, எரிபொருள் நனைத்த உயரத்தைக் குறித்து, அதற்குரிய அட்டவணையைப் பார்த்து இருப்பைக் கணக்கிடுகின்றனர். கம்பியின் நுனியில் தடவப்படும் ஒருவகைப் பசை, அடியில் தண்ணீர் இருந்தால் நிறம் மாறும்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-ல் எட்டிய பிறகு, இந்தப் பசைச் சோதனையின் முக்கியத்துவம் கூடியுள்ளது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. தொட்டிக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் புகுந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். அது வாகனத்தின் டேங்க்கை அடைந்தால் எஞ்சின் நின்றுவிடக்கூடும். மழை மிகுந்த கேரளத்தில், தொட்டியின் மூடியும் இணைப்புகளும் பழுதின்றி இருப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

எல்லைக்கோட்டின் கணக்கு

பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரி வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. எனவே மாநில வரி விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரியை விதித்தது. 2024 மார்ச் மாத விலைக் குறைப்புக்குப் பின் திருவனந்தபுரத்தில் பெட்ரோல் 107 ரூபாயை ஒட்டியும், சென்னையில் 101 ரூபாயை ஒட்டியும் விற்பனையானது.

இதில் ஒரு முரணும் உண்டு. கொச்சி சுத்திகரிப்பு ஆலையில் உற்பத்தியாகும் எரிபொருள், பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செல்லும் கொச்சி-கோவை-கரூர் குழாய்ப் பாதையில் தமிழகத்துக்குப் போகிறது. கேரள மண்ணைக் கடந்து சென்ற அதே எரிபொருள், எல்லைக்கு அப்பால் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தூரம் கூடக் கூட விலை ஏறும் என்ற பொதுக் கணக்கை இங்கே வரி மாற்றிவிடுகிறது.

ஆனால் இந்த வேறுபாடு எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. லிட்டருக்கு 4 ரூபாய் வேறுபாடு என வைத்துக்கொண்டால், 5 லிட்டர் நிரப்பும் இருசக்கர வாகன ஓட்டிக்கு மிச்சம் 20 ரூபாய். அதற்காகவே 10 கிலோ மீட்டர் சென்று திரும்பினால், லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கு 0.4 லிட்டர் செலவாகும். அதன் மதிப்பு ஏறத்தாழ 41 ரூபாய். ஆகவே அவர் 21 ரூபாய் இழக்கிறார். மாறாக, எப்படியும் எல்லையைக் கடக்கும் சரக்கு லாரி 200 லிட்டர் டீசலைத் தமிழகத்தில் நிரப்பினால், அதே வேறுபாட்டில் 800 ரூபாய் மிச்சமாகும்.

இடுக்கியில் இந்தக் கணக்கு மேலும் கடினமானது. ரயில் பாதையே இல்லாத அம்மாவட்டத்துக்கு எரிபொருள் முழுவதும் டேங்கர் லாரிகளில் மலையேறி வருகிறது. போடிமெட்டிலிருந்து போடி நோக்கி இறங்கும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எரிபொருளுக்காக மட்டும் கீழே இறங்கும் ஜீப், மிச்சப்படுத்திய தொகையின் பெரும்பகுதியைத் திரும்ப மேலே ஏறும்போதே செலவிட்டுவிடும்.

இதன் விளைவு தெளிவானது. அதிக அளவில் வாங்குவோர் எல்லையைக் கடக்கின்றனர். குறைந்த அளவில் வாங்குவோர் உள்ளூர் நிலையத்திலேயே தங்கிவிடுகின்றனர்.

விற்பனை அளவே உயிர்நாடி

விற்பனையாளருக்கான கமிஷன் விற்பனையாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கிடப்படுகிறது. அதனை எண்ணெய் நிறுவனங்கள் நிர்ணயிக்கின்றன. விற்பனையாளர் தாமாக விலையைக் கூட்ட இயலாது. 7 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 அக்டோபரில்தான் இந்தக் கமிஷன் உயர்த்தப்பட்டது.

ஊழியர் சம்பளம், மின்கட்டணம், ஜெனரேட்டர் செலவு, ஆண்டு முத்திரைக் கட்டணம் ஆகியவை விற்பனை குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. 12 ஆயிரம் லிட்டர் பெட்ரோல் கொண்ட ஒரு டேங்கர் லாரியின் சில்லறை மதிப்பு, லிட்டர் 105 ரூபாய் என்ற விலையில், 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். விற்பனை மெதுவாக நடக்கும் நிலையத்தில் இந்த முதலீடு பல நாள் தொட்டியில் முடங்கிக் கிடக்கிறது. நாள் கூடக் கூட ஆவியாகும் இழப்பும் சேர்கிறது.

அதேவேளை, உள்ளூர் நிலையத்தில் தங்கியிருக்கும் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும்தான் மின்சாரத்துக்கு முதலில் மாறி வருகின்றன. கேரள மாநில மின்சார வாரியம் இத்தகைய வாகனங்களுக்கென மின்கம்பங்களிலேயே சார்ஜ் செய்யும் வசதியை ஏற்படுத்தியுள்ளது. லாரிகளை வரியும், ஆட்டோக்களை மின்சாரமும் விலக்கினால், சிறிய நிலையத்துக்கு எஞ்சுவது மிகக் குறைவே.

மூடினால் மீண்டும் வருமா?

இந்தக் கேள்விக்கான விடை கிராமங்களுக்கு முக்கியமானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புதிய எரிபொருள் நிலையங்கள் பள்ளி, 10 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனை, வரையறுக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் இந்த தூரம் குறைக்கப்படலாம். எனினும் எந்நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இந்த நிபந்தனை புதிய நிலையங்களுக்கானது. ஊர் நடுவே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் அருகே பல்லாண்டுகளாக இயங்கி வரும் நிலையம் மூடப்பட்டுவிட்டால், அதே இடத்தில் மற்றொன்று அமைவது எளிதன்று. பாதுகாப்பு நோக்கில் இந்த விதி நியாயமானதே. ஆயினும், மாற்று நிலையம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் அமையும்போது, அங்கு சென்றுவரும் தூரமே கிராமவாசியின் கூடுதல் செலவாகிவிடுகிறது.

வயல் வேலைகளில் இந்தச் செலவு உடனே தெரியும். மருந்து தெளிப்பான், புல்வெட்டும் கருவி போன்றவற்றை நிலையம் வரை ஓட்டிச் செல்ல முடியாது. பெட்ரோலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்குவது ஆபத்தானது. பாதுகாப்பு விதிகளும் அதை ஏற்பதில்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனை நோக்கமின்றி 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய கலத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலம் 1 லிட்டருக்கும், உலோகக் கலம் 25 லிட்டருக்கும் மிகக் கூடாது. நிலையம் தொலைவில் இருந்தால் வீட்டில் சேமித்து வைக்கும் பழக்கம் பெருகும். அதனுடன் தீ விபத்து அபாயமும் பெருகும்.

வாடிக்கையாளர் கேட்கக்கூடியவை

நிலையம் பழையதோ புதியதோ, வாடிக்கையாளருக்குச் சில சோதனைகளைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

* நிரப்பத் தொடங்கும் முன் திரையில் அல்லது எண் சக்கரத்தில் பூஜ்யம் இருப்பதை உறுதி செய்யலாம்.

* அளவில் ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலத்தில் நிரப்பிக் காட்டுமாறு கோரலாம்.

* கலப்படம் குறித்து ஐயம் எழுந்தால், வடிதாள் கேட்கலாம். தாளில் இடப்படும் ஒரு துளி பெட்ரோல் கறை எதுவும் விடாமல் ஆவியாக வேண்டும்.

* அன்றைய அடர்த்திப் பதிவைப் பார்க்கலாம். 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிக் கணக்கிட்ட அடர்த்தி, லாரியில் வந்த சரக்கின் ஆவணத்தில் உள்ள அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் அது ஆய்வுக்குரியது.

* ஆண்டு முத்திரைச் சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கலாம்.

அளவிலும் தரத்திலும் குறை கண்டால், சட்டமுறை எடையளவு அதிகாரியிடமும், நிலையத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ள எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண்ணிலும் புகார் அளிக்கலாம்.

தேய்ந்த மீட்டரைத் திருத்தி முத்திரையிடலாம். இரண்டு இலக்கத் திரையை மூன்று இலக்கத் திரையாக மாற்றலாம். குறைந்துபோன விற்பனையை மீட்க எந்தப் பழுதுபார்ப்பாளராலும் இயலாது. வரி வேறுபாடு, கமிஷன் விகிதம், இட நிபந்தனை ஆகியவை குறித்து எடுக்கப்படும் முடிவுகளே எல்லையோரக் கிராமங்களின் சிறிய நிலையங்கள் எத்தனை காலம் நீடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அந்த முடிவுகளின் பலனையோ பாதிப்பையோ முதலில் உணரப்போவது, ஒன்றிரண்டு லிட்டர் நிரப்பிக்கொண்டு வேலைக்குச் செல்லும் உள்ளூர் மக்களே.